கூத்துக்கு ஒன்று, குசினிக்கு ஒன்று: குறைந்த செலவில் எந்த வீடியோ கமெரா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊரில் இந்த வருடம் ஒரு வடமோடிக் கூத்துப் பழகுகிறார்கள். பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு தொடங்கியது, இப்போது ஆடுபவர்களுக்குச் சதங்கை கட்டும் சடங்கான சதங்கை அணிதலும் முடிந்துவிட்டது. இனி அரங்கேற்றம்தான். அதை விடியவிடிய முழுதாகப் பதிந்து யூரியூப்பில் போட வேண்டும் என்று இளைஞர் கழகத்துப் பிள்ளைகள் நிற்கிறார்கள். எனக்கும் அதே ஆசைதான். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் மத்தளத்தோடு களரியில், அதாவது கூத்தாடும் வட்டத்தில், நிற்பதை நல்ல படமாகவும் நல்ல ஒலியாகவும் ஒரு தடவையாவது பிடித்து வைத்துவிட வேண்டும். சேர்ந்த காசு ஒரு லட்சம் ரூபா. கமெரா, மைக், முக்காலி, மெமரி காட் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

இந்தத் தேடலில் நான் இருந்தபோதுதான் கல்லடியில் இருக்கும் தங்கச்சி கோல் எடுத்தாள். அவள் சமையல் வீடியோ போடத் தொடங்கியிருக்கிறாள். "அண்ணா, எனக்கும் ஒரு வீடியோ கமெரா பார்த்துச் சொல்லுங்க" என்றாள். ஒரே கேள்விதான், ஆனால் நான் கண்டுபிடித்த விடைகள் இரண்டும் வேறு வேறு. ஊரில் இன்னும் பலர் இதே கேள்வியோடு இருப்பதால் பார்த்ததை எல்லாம் எழுதிவைக்கிறேன்.

முதலில் எச்டி என்ற சொல். 1280க்கு 720 புள்ளி இருந்தாலும் எச்டி, 1920க்கு 1080 இருந்தாலும் எச்டி. பின்னதைத்தான் முழு எச்டி அல்லது 1080பி என்கிறார்கள். நமக்கு அது காணும். நம் வீடியோக்களைப் பார்ப்பவர்களில் அதிகம் பேர் போனில், டேட்டாவை மிச்சம் பிடித்துக்கொண்டு பார்ப்பவர்கள். அவர்களுக்காக 4கே தேடிப்போய்க் காசை இறைக்க வேண்டியதில்லை. அந்தக் காசு மைக்குக்குப் போகட்டும்.

சரி, தங்கச்சியின் விஷயம் சுருக்கமானது. அவளுக்குக் கமெரா வேண்டாம். கையில் இருக்கும் போனே போதும்.

இதைச் சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை. விலை குறைந்த கம்கோடர்களில், அதாவது வீடியோவுக்கென்றே செய்த கமெராக்களில், வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சர் மிகச் சிறியது. சோனியின் எச்டிஆர் சிஎக்ஸ்405, பனசோனிக்கின் எச்சி வி180 இரண்டிலும் அது 1/5.8 அங்குல வகை. இன்றைய நடுத்தரப் போன்களின் பின்பக்கப் பிரதான கமெராவில் இருப்பது பெரும்பாலும் 1/2 அங்குலமோ அதற்கு மேலோ. சென்சர் பெரிதானால் வெளிச்சத்தை அதிகம் வாங்கும். குசினிக்குள் பிட்டுக் குழைப்பதையும் மீன் ஆய்வதையும் ஒரு கை தூரத்தில் நின்று எடுக்கும்போது, குறைந்த விலைக் கம்கோடரை விடப் போன்தான் தெளிவாக எடுக்கும். ஒவ்வொரு துண்டும் இரண்டு மூன்று நிமிடம்தான். தூரத்தில் இருப்பதை இழுத்துப் பிடிக்கவும் தேவையில்லை. ஒரு சின்ன முக்காலியும், சட்டையில் குத்தும் மைக் ஒன்றும் வாங்கச் சொன்னேன். பின்பக்கக் கமெராவால் எடு, யன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நில், திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டு, எடுக்கும்போது போனை விமானப் பயன்முறையில் போடு. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மைக்கில் போயா பிவை எம்1 எங்கள் பக்கத்தில் பலரும் பாவிப்பது. 6 மீற்றர் வயர், உள்ளே எல்ஆர்44 பொத்தான் பற்றரி, போனுக்கும் கமெராவுக்கும் மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச். அந்தச் சுவிட்ச்சைப் பிழையான பக்கம் விட்டுவிட்டு மைக் பழுது என்று நினைப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். ஹெட்போன் ஓட்டை இல்லாத போன் என்றால் டைப் சி மாற்றி ஒன்றும் வேண்டும். மைக் சமிக்ஞையையும் அது கடத்துமா என்று கேட்டு வாங்குங்கள், வெறுமனே பாட்டுக் கேட்பதற்கென்று வரும் மாற்றிகளும் உண்டு.

கூத்து அப்படியில்லை.

இரவு ஒன்பது பத்துக்குத் தொடங்கினால் விடியும்வரை போகும். எட்டு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வோம். 1080பியில் செக்கனுக்கு 30 சட்டம் (பிரேம்) எடுக்கும் போன் ஒன்று, வீடியோவைச் சுருக்கும் பழைய எச்264 முறையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 எம்பி எழுதும். எட்டு மணித்தியாலத்துக்கு 62 ஜிபிக்கு மேல். படமும் பாட்டுமாக நிரம்பிக் கிடக்கும் போனில் அவ்வளவு இடம் எங்கே? இடம் இருந்தாலும் சார்ஜில் போட்டபடி மணிக்கணக்கில் எடுத்தால் சூடேறி, சில போன்கள் தாமாகவே நிறுத்திவிடும். இன்னொரு தொல்லையும் இருக்கிறது. பல போன்கள் செக்கனுக்கு எத்தனை சட்டம் என்பதை வெளிச்சத்துக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொண்டே எடுக்கும். வேறு கருவியில் பதிந்த ஒலியை அதனுடன் சேர்த்தால் சில நிமிடங்களில் வாயும் பாட்டும் விலகத் தொடங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, களரிக்கு வெளியே நின்று, வரவு (பாத்திரம் களரிக்குள் வரும் ஆட்டம்) ஆடுபவரின் முகத்தைப் போனால் இழுத்தால் முகம் வருவதில்லை, கட்டம் கட்டமாக ஏதோ வரும்.

கழகத்தில் இரண்டு பேர் பழைய டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் மாற்றும் படக் கமெரா, ஒன்று வாங்குவோம் என்றார்கள். கலியாண வீடுகளில் படம் பிடிப்பவர்கள் கைமாற்றும் கெனன் 700டி போன்றவை நம் காசுக்குள் வரக்கூடியவைதான். 2013இல் வந்தது அது. சென்சர் கம்கோடரினதை விடப் பல மடங்கு பெரிது, இருட்டில் எடுக்கும் படம் அழகு, திரை வெளியே திரும்பும், மைக் ஓட்டையும் உண்டு. யாராவது பேட்டி எடுக்கவோ குறும்படம் செய்யவோ கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். ஆனால் 29 நிமிடம் 59 செக்கனில் பதிவு தானாக நின்றுவிடும். ஐரோப்பாவில் அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும் கருவியை வீடியோ கமெரா என்று வகைப்படுத்தி அதிக சுங்க வரி விதித்ததால், கம்பனிகள் படக் கமெராக்களுக்கு அந்த எல்லையை வைத்தன. அதிலும் பழைய சில கமெராக்கள் 4 ஜிபி நிறைந்ததும், அதாவது 12 நிமிடமளவில், நின்றுவிடும். அரங்கேற்ற இரவில் ஒரு ஆள் தூங்காமல் பக்கத்திலேயே நின்று அமத்திக்கொண்டே இருக்க வேண்டும். அவர் ஒரு தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில் கட்டியகாரன் வந்து போய்விடுவான்.

ஆக, கூத்துக்குக் கம்கோடர்தான். நிறுத்தாமல் ஓடும், மெமரி காட்டில் பதியும், லென்ஸாலேயே இழுக்கும், பல மணித்தியாலம் நிற்பதற்கென்றே செய்தது. இதில் எது என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. நம் காசுக்குள் அடங்கியவை மூன்று: சொன்ன அந்த சோனி, அந்த பனசோனிக், கெனன் லெக்ரியா எச்எப் ஆர்806.

படத்தை மட்டும் பார்த்தால் சோனிக்கே என் வாக்கு. 2015இல் வந்த கருவி, செக்கனுக்கு 50 மெகாபிட் வரை எழுதும். ஆட்டத்தில் கால் வேகமாகச் சுழலும்போது படம் கசங்காமல் இருக்க அது உதவும். 30 மடங்கு ஸூம். அகலப் பக்கம் 26.8 மில்லிமீற்றர் (இந்த எண் குறையக் குறையப் படத்துக்குள் அதிக இடம் விழும்), சின்ன அறைக்குள்ளும் ஆள் முழுதாக வருவார். பனசோனிக்கும் அகலத்தில் அதற்குக் கிட்ட, 28. ஸூமில் 50 மடங்கு. வாவிக்கு அக்கரையில் நிற்கும் கொக்கை எடுக்கலாம். கெனன் இந்த விஷயத்தில் பின்தங்குகிறது. அதன் அகலம் 38.5 மில்லிமீற்றரில்தான் தொடங்குகிறது. வீட்டு அறைக்குள் வைத்தால் முதுகு சுவரில் முட்டும்வரை பின்னுக்குப் போக வேண்டும். ஸூம் 32 மடங்கு. சென்சர் 1/4.85 அங்குலம், மற்ற இரண்டை விடக் கொஞ்சம் பெரிது.

எண்களைக் கூட்டிப் பார்த்துப் பிள்ளைகள் சோனிக்குச் சாய்ந்தார்கள். நானும் சாய்ந்திருப்பேன். அன்று பின்னேரம் அண்ணாவியாரிடம் போய் இப்படி ஒரு கமெரா பார்க்கிறோம் என்று சொன்னபோது அவர் ஒன்றுதான் கேட்டார். "மனே, ஆட்டம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்ல. பாட்டு விளங்குமா?"

சோனியிலும் பனசோனிக்கிலும் மைக் ஓட்டை இல்லை. வெளி மைக் எதையும் கொழுவ முடியாது. கெனனில் மைக் ஓட்டையும் இருக்கிறது, ஹெட்போன் ஓட்டையும் இருக்கிறது. எங்கள் முடிவு அங்கேயே திரும்பிவிட்டது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கூத்து முதலில் பாட்டு. கூத்தர் பாட, பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாட, மத்தளமும் சல்லரியும் கூட நிற்கும். பதினைந்து இருபது அடி தள்ளி வாங்கில் வைத்த கமெராவின் உள் மைக்கில் என்ன விழும்? பக்கத்தில் கச்சான் கொறிக்கும் சத்தம், பிள்ளை அழும் சத்தம், ஜெனரேட்டர், அதற்கெல்லாம் பின்னால் எங்கோ பாட்டு. அதோடு உள் மைக்கின் அளவைக் கமெரா தானாகக் கூட்டிக் குறைக்கும். மத்தளம் ஓங்கி விழுந்ததும் எல்லாவற்றையும் அமத்திவிடும், அடுத்த வரியின் முதல் சொற்கள் அமிழ்ந்து போகும். பிறகு மெல்ல மெல்ல ஏற்றும், அதற்குள் வரி முடிந்துவிடும். பழைய பதிவுகள் பலவற்றில் தரு (கூத்துப் பாட்டு) தொடங்கும் இடம் கேட்காமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இதற்கு வழி, மைக்கைக் களரிக்குக் கிட்டக் கொண்டுபோவது. ஒரு கம்பில் கட்டி, பிற்பாட்டுக்காரரும் கூத்தரும் சேர்ந்து விழும் இடத்தில், மத்தளத்துக்கு நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் ஒதுக்கி நிறுத்துங்கள். நீட்டு வயரில் கமெராவுக்குக் கொண்டுவந்து, ஹெட்போன் போட்டுக் கேட்டபடியே அளவைச் சரிசெய்து, அதன் பின் கையை எடுத்துவிடலாம். ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரில் இருந்து நேரே வயர் இழுத்துத் தந்தால் இன்னும் தெளிவாக வருமே என்று சிலர் நினைப்பார்கள். மிக்சரில் இருந்து வரும் சமிக்ஞை மைக்கினதை விடப் பல மடங்கு பலமானது. மைக் ஓட்டைக்குள் அப்படியே விட்டால் ஒலி கிழிந்துபோகும், இடையில் குறைக்கும் வயர் ஒன்று போட வேண்டும்.

சோனியை வாங்கி, ஒலிக்கு ஸூம் என்ற கம்பனியின் எச்1என் போன்ற சின்னப் பதிவுக் கருவி ஒன்றைத் தனியாக வைக்கலாமே என்று தம்பி ஒருவன் சொன்னான். நல்ல யோசனைதான். படமும் ஒலியும் இரண்டும் உச்சத்தில் வரும். ஆனால் இரண்டு கருவிகளின் கடிகாரமும் அச்சொட்டாக ஒன்றாக ஓடாது. மணித்தியாலங்கள் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். ஒவ்வொரு வரவுக்கும் கை தட்டி அடையாளம் வைத்துப் பிறகு கணினியில் பொருத்த வேண்டும். பொறுமையாக எடிட் பண்ணும் ஆள் இருக்கிற ஊருக்கு நான் இதையே சிபாரிசு செய்வேன். எங்கள் ஊரில் அந்தப் பிள்ளைகள் பகலில் வேலைக்குப் போகிறவர்கள்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வைகாசி தொடங்கி ஆடி ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கிற ஊர் இது. மைக்கோடு வரும் கறுப்புப் பஞ்சு அந்தக் காற்றுக்கு நிற்காது, மேலே மயிர்த்தோல் போன்ற உறை வேண்டும். கல்லடிக் கடற்கரையில் எடுப்பவர்களுக்கும் அதே கதைதான்.

இனி வெளிச்சம். மூன்று கமெராவிலும் லென்ஸ் அகலமாக இருக்கும்போது எப் 1.8 (எப் என்பது லென்ஸ் திறப்பின் அளவு, எண் கூடினால் திறப்பு சிறிது). முழுதாக இழுத்தால் எப் 4க்கோ அதற்கு மேலோ போய்விடும், அதாவது உள்ளே வரும் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ ஆகிவிடும். தூரத்தில் வைத்து இழுத்து எடுத்த கூத்து வீடியோக்கள் புழுதி பறந்தது போல் புள்ளி புள்ளியாக இருப்பது இதனால்தான். ஆகவே 50 மடங்கு, 30 மடங்கு என்ற போட்டியில் விழாதீர்கள். களரிக்குக் கிட்டே ஒரு உயரமான மேசை கேட்டு வாங்குங்கள், லென்ஸை அகலமாக வையுங்கள், முகத்துக்கு மட்டும் கொஞ்சம் இழுங்கள். கெனனின் 38.5 களரியைச் சுற்றி இடம் இருக்கும் வெளியில் ஒரு குறையே இல்லை.

புதிதாக வாங்குவதா, பாவித்ததா? 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவைச் சுற்றி இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது. அதற்குப் பிறகு புதுக் கருவியின் விலை எங்களைப் போன்ற கழகங்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. போன் வந்து கம்கோடரின் இடத்தைப் பிடித்த பிறகு கம்பனிகளுக்கும் இந்தச் சின்ன ரகங்களில் அக்கறை இல்லை. ஆனால் நம் ஆட்களில் பாதிப்பேர் வெளியில் இருக்கிறார்கள். அங்கே அலுமாரிக்குள் சும்மா கிடக்கும் கமெரா ஒன்றை ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லலாம். இங்குதான் ஒரு முக்கியமான விஷயம்.

எங்கள் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்ஈடி பல்புகள் பலவும் செக்கனுக்கு 100 தடவை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கமெராவுக்குத் தெரியும். செக்கனுக்கு 25 அல்லது 50 சட்டம் எடுக்கும் கமெரா அந்த மினுக்கத்தோடு ஒத்துப்போகும். கனடா, அமெரிக்காவில் விற்கும் கமெராக்கள் 60 ஹேட்ஸ் கரண்டுக்கென்று செய்தவை, 30 அல்லது 60 சட்டம் எடுப்பவை. அவற்றை இங்கே டியூப் லைட்டுக்குக் கீழே வைத்தால் படம் துடிக்கும், அல்லது பட்டை பட்டையாக ஓடும். ஷட்டர் வேகத்தைக் கையால் 1/100 செக்கனுக்கு மாற்றினால் தப்பலாம், ஆனால் விலை குறைந்த கமெராக்கள் பலவற்றில் அதற்கு வசதி இல்லை. கெனனில் பெயரைப் பார்த்தே பிரித்துவிடலாம்: ஐரோப்பாவில் லெக்ரியா, வட அமெரிக்காவில் விக்சியா. ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவை விட லண்டனில் இருக்கும் மாமாவிடம் கேட்பது நல்லது. சார்ஜர் எந்த நாட்டதும் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், அதில் எழுதியிருக்கும். லண்டன் செருகி எங்கள் சதுர ஓட்டைக்கு நேரே பொருந்தும். லண்டனிலோ சுவிஸிலோ பனசோனிக் வி770 கிடைத்தால் அதை விடாதீர்கள். 1/2.3 அங்குல சென்சர், 29.5 மில்லிமீற்றர் அகலம், மைக் ஓட்டை, மூன்றும் ஒன்றாக உள்ளது.

நான் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லும் ஒரு வகை இருக்கிறது. இணையத்தில் பெயர் தெரியாத கம்பனிகளின் பெயரில், "4கே, 48 மெகாபிக்சல்" என்று பெட்டியில் அடித்து, மைக்கும் லைட்டும் சேர்த்துத் தரும் கம்கோடர்கள். என் மச்சான் ஒருவர் இப்படி ஒன்றுக்கு முழுச் சேமிப்பையும் போட்டார். பெட்டியில் 16 மடங்கு ஸூம் என்று இருந்தது, பக்கத்தில் சின்ன எழுத்தில் டிஜிட்டல் என்றும் இருந்தது. லென்ஸ் அசையவே இல்லை. இருக்கிற படத்தைப் பெரிதாக்கிக் காட்டியது, அவ்வளவுதான். பின்னேரம் ஐந்து மணிக்கே படம் சேறாகக் கலங்கியது. திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. அந்தக் காசுக்கு நல்ல பாவித்த கமெரா ஒன்று வந்திருக்கும் என்பதை நினைக்க எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை. பெட்டியில் "ஒப்டிக்கல் ஸூம்" என்ற சொல் இல்லையென்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

காட் விஷயத்தில் ஒரு கணக்கு. கெனனில் 50 சட்டமாக 28 மெகாபிட்டில் எடுத்தால் மணித்தியாலத்துக்கு 12.6 ஜிபி, ஒரு இரவுக்கு 100 ஜிபி. 17 மெகாபிட்டில் 61 ஜிபி. ஆட்டத்துக்கு 50 சட்டம் எடுப்பது கால் அசைவைத் தெளிவாகக் காட்டும் என்பதால் நாங்கள் 128 ஜிபி காட் ஒன்று எடுக்கிறோம். போலிக் காட்டுகள் தாராளமாக விற்கின்றன. வாங்கியதும் கணினியில் போட்டு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுதாக எழுதி வாசித்துப் பாருங்கள், அரங்கேற்ற இரவில் பாதியில் தெரியவருவதை விட அது நல்லது.

ஏற்றுவதற்கு யூரியூப் ஒரு வீடியோவுக்கு 12 மணித்தியாலம் வரை இடம் தருகிறது, ஆனால் போன் இலக்கம் கொடுத்துக் கணக்கை உறுதிப்படுத்தாவிட்டால் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற விடாது. 1080பிக்கு அவர்கள் சொல்லும் அளவு, 25 அல்லது 30 சட்டம் என்றால் 8 மெகாபிட், 50 அல்லது 60 என்றால் 12. எட்டு மணித்தியாலக் கூத்தை 8 மெகாபிட்டுக்கு மாற்றினாலும் 28.8 ஜிபி. செக்கனுக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஏற்ற ஏறத்தாழ 13 மணித்தியாலம் போகும். நாங்கள் வரவு வரவாக வெட்டி ஒவ்வொரு இரவும் ஒன்றாக ஏற்றப்போகிறோம். பார்ப்பவர்களுக்கும் அது வசதி.

கடைசியில் லண்டன் மாமாவுக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன். லெக்ரியா ஆர்806 பாவித்தது பாருங்க மாமா, லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பூஞ்சணம் இருக்கா என்று பாருங்க, திரையை நாலைந்து தரம் திறந்து மூடிப் பாருங்க, சார்ஜரில் கொழுவியபடி பதிவு ஓடுதா பாருங்க, இங்கே கரண்ட் போகாத வரைக்கும் பற்றரிக்குக் கவலையில்லை. இங்கே வந்த பிறகு மாரி மழைக்குள் பூஞ்சணம் பிடிக்காமல் சிலிக்கா பைகளோடு பிஸ்கட் தகரத்துக்குள் வைக்கிற பொறுப்பு என்னுடையது என்றும் எழுதினேன்.

முந்தாநாள் இரவு அவர் ஒரு படம் அனுப்பினார். கமெராவின் பக்கத்து மூடியை நகத்தால் தூக்கிப் பிடித்திருக்கிறார், உள்ளே மைக் ஓட்டை தெரிகிறது. கீழே, "இதுதானே மருமகன்?" என்று கேட்டிருந்தார். ஓம் மாமா, அதுதான்.